இரண்டிலிருந்து மூன்றாவது கியர்: காட்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஐந்து கியர் உள்ள 145 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். வீடியோக்களில் கண் இமைப்பதற்குள் கியர் மாற்றுகிறார்கள், தான் வேகமாகப் போட்டால் மூன்றாவதில் கர்ரென்று கத்துகிறது என்கிறார். கிளட்ச் மிதிக்காமல் போடலாமா, ஆக்சிலேட்டரை விடாமல் போடலாமா, அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறேன் என்று முடித்திருக்கிறார். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேகமாகப் போடுவது எப்படி என்பது ஒன்று. அந்தச் சத்தம் என் கையாலா, கியர் பெட்டியாலா என்பது இன்னொன்று. அவர் எழுதாமல் விட்ட மூன்றாவது, இதனால் டிராக்கில் எனக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்பது. நான் சத்துவாச்சாரிப் பக்கம் பட்டறை வைத்து 22 வருடமாகக் கியர் பாக்ஸ் வேலை செய்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் சில வருடம் ரேஸ் கார்களுக்கு மெக்கானிக்காக நின்றிருக்கிறேன், சொந்தக் காரிலும் அங்கே ஓட்டியிருக்கிறேன். ஆனால் நான் போட்டி ஓட்டுநர் கிடையாது. பெட்டிக்குள் நடப்பதை அடித்துச் சொல்வேன். கடைசி ஒரு துளி நேரத்தைப் பிடிக்கிற வித்தைக்கு நல்ல ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், அது தெரிந்தால் பாதிப் பதில் தானாகவே வந்துவிடும். உங்கள் காரில் முன்பக்கம் போகிற எல்லாக் கியரும் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்தேதான் சுற்றுகின்றன. நீங்கள் கியர் ராடைத் தள்ளும்போது பல்சக்கரம் நகர்வதில்லை. ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு ஸ்லீவ்தான் (வளையம் மாதிரி ஒரு உறை) நகர்ந்து போய் அந்தக் கியரைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்லீவ் ஒரு வேகத்தில் சுற்றும், கியர் இன்னொரு வேகத்தில் சுற்றும். இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர நடுவில் ஒரு பித்தளை ரிங் இருக்கிறது. சிங்க்ரோ ரிங் என்பது அதுதான். அதன் உள்பக்கம் கூம்பாக இருக்கும், மெல்லிய கோடு கோடாக வெட்டியிருக்கும். புது ரிங்கை எடுத்துக் கியரின் கூம்பில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தித் திருகிப் பாருங்கள், கப்பென்று பிடித்துக்கொள்ளும். தேய்ந்ததை அதே மாதிரி வைத்தால் எண்ணெய்ப் பாத்திர மூடி மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றும். அந்த உள்பக்கக் கோடுகள் மழுங்கி, கண்ணாடி மாதிரிப் பளபளப்பாகியிருக்கும். ரிங்குக்கும் கியருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் சின்னக் கார்கள் பலவற்றில் புதுசுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அந்த ரிங் முடிந்தது.

இந்த ரிங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு வேகமும் ஒன்றாகிற வரைக்கும் அதன் கூர்ப் பற்கள் ஸ்லீவின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ஒன்றானதும் துளி திரும்பி வழி விடும். உங்கள் கையில் 'டக்'கென்று விழுகிற உணர்வு அந்த நொடிதான். ஆக, கியர் விழுகிற நேரத்தில் ஒரு பகுதி உங்களுடையது, ஒரு பகுதி ரிங்குடையது. ரிங்கின் நேரத்தில் நீங்கள் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. அழுத்தம் கூடினால் அது சீக்கிரம் வேலையை முடிக்கும் என்பது உண்மை. ஆனால் சீரான அழுத்தத்துக்கும் அடிக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஓங்கி அடித்தால் ரிங் மறிக்கிற இடத்துக்கு வருவதற்குள் ஸ்லீவ் அதைத் தாண்டிப் போய்க் கியரின் பல்லில் மோதும். நீங்கள் கேட்கிற கர்ர் அதுதான்.

ஒரு கணக்கு பார்க்கலாம். இரண்டாவது கியரின் விகிதம், அதாவது பெட்டியிலிருந்து வெளியே போகிற ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற உள்ளே வருகிற ஷாஃப்ட் சுற்ற வேண்டிய அளவு, 1.9, மூன்றாவது 1.28 என்று வையுங்கள், இந்த அளவுக் கார்களில் வழக்கமானதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் இருக்கும்போது மாற்றினால் மூன்றாவதில் எஞ்சின் சுமார் 4040 சுற்றில் நிற்க வேண்டும். அதாவது கிளட்ச் பிளேட்டையும் அதோடு சுற்றுகிற ஷாஃப்டையும் அந்தச் சின்ன ரிங் ஏறக்குறைய 2000 சுற்று இறக்க வேண்டும். முதலிலிருந்து இரண்டாவதுக்கு இந்த இறக்கம் இன்னும் பெரிசு. அதனால்தான் பல கார்களில் முதல் இரண்டு கியருக்கு, பிடிக்கிற பரப்பு கூடுதலான இரட்டைக் கூம்பு சிங்க்ரோ போட்டு, மூன்றாவதுக்கு ஒற்றைக் கூம்போடு விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதில் முதலில் கத்துவதற்கு இது ஒரு காரணம். இரண்டாவது காரணம் கை போகிற வழி.

அந்த வழிக்கு வருகிறேன். நான் வேலை கற்ற பட்டறை மேஸ்திரி சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே போய்ப் பார்த்தவர். 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு அங்கேயும் போய் நிற்பார். ஒருநாள் நான் ட்ரையல் எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ராடின் குமிழை முஷ்டியால் பிடித்து முன்னால் தள்ளி, வலது பக்கம் தள்ளி, மறுபடி முன்னால் தள்ளினேன். "இன்னாடா, மாவாட்றியா? கைய எடு"ன்னார். எடுத்தேன். ராடை இரண்டாவதிலிருந்து ஒரே ஒரு விரலால் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, "இப்ப பாரு, அது எங்க நிக்குது"ன்னு காட்டினார். ராடு தானாகவே மூன்று-நான்கு வரிசைக்கு நேராக வந்து நின்றது. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அதுதான் அதைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. "நீ வலது பக்கம் தள்ளவே வாணாம். நேரா முன்னால தள்ளு, நடுவுல அது வரும்"ன்னார். அன்றைக்குக் கற்றதை இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, இரண்டிலிருந்து மூன்றுக்கு: உள்ளங்கையைக் குமிழின் பின்பக்கம் வைத்து, விரல்களைத் தளர்த்தி, முன்னால் தள்ளுங்கள். நியூட்ரலில் ஒரு துளி தளர்வு. அந்தத் தளர்வில் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும். பிறகு அதே திசையில் மறுபடி அழுத்தம். இரண்டு தள்ளல், நடுவில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சின்ன இடைவெளி. பக்கவாட்டில் நீங்களாகத் தள்ளினால் ராடு ஐந்தாவது வரிசையின் மூலையில் உரசும், கை அடித்துத் திருத்தும், ஸ்லீவுக்கு அந்த அடிதான் போய்ச் சேரும். மூன்றிலிருந்து நான்குக்கு இன்னும் சுலபம். விரல்களைக் குமிழின் முன்பக்கம் மடக்கி நேராகப் பின்னால் இழுத்தால் போதும். அதில் மட்டும் கை இடது பக்கம், அதாவது பக்கத்து சீட்டுப் பக்கம், போகாமல் இருக்க வேண்டும். நம் ஊர்க் காரில் இடது கையால் போடுகிறோம், பதற்றத்தில் கை இடது பக்கமாக இழுக்கும். இழுத்தால் நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழும். 6200 சுற்றில் மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போது இரண்டாவது விழுந்து கிளட்சை விட்டால், எஞ்சின் 9200 சுற்றுக்கு இழுக்கப்படும். எஞ்சின் அளவு மீறிச் சுற்றாமல் தடுக்கிற ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறபோது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வால்வு பிஸ்டனில் மோதி வளைந்து வந்த எஞ்சின்களை நான் பிரித்திருக்கிறேன். அந்தப் பில்லைக் கொடுக்கும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும்.

கால் வேலையில் பெரும்பாலானவர்கள் நேரத்தை இழக்கிறார்கள், கையில் அவ்வளவு இல்லை. கிளட்சைத் தரை வரைக்கும் மிதித்து, கியர் விழுந்ததும் யோசித்து யோசித்து விடுகிறார்கள். கிளட்ச் பிரிவதற்கு எவ்வளவு ஆழம் வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் கூட மிதித்தால் போதும். ஆனால் அந்த 'கொஞ்சம் கூட' கட்டாயம் வேண்டும். குறைத்தால் கிளட்ச் முழுசாகப் பிரியாது, பாவம் அந்த ரிங் எஞ்சினோடு மல்லுக்கட்டும். வரிசை இப்படி: ராடில் நியூட்ரலை நோக்கி லேசான அழுத்தம், ஆக்சிலேட்டரை விடுவது, கிளட்ச். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரம், ஆனால் ஆக்சிலேட்டர் ஒரு இழை முன்னால். ராடு கியரை விட்டு வெளியே வந்து அடுத்ததில் விழுந்த அதே நொடியில் கிளட்ச் மேலே வரத் தொடங்க வேண்டும். இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஆக்சிலேட்டரை விட்டாலும் சுற்று உடனே இறங்காது. புகைக் கட்டுப்பாட்டுக்காக எலக்ட்ரானிக் திராட்டில் மெதுவாகத்தான் மூடும். அப்படிப்பட்ட காரில் நீங்கள் எவ்வளவு வேகமாகப் போட்டாலும் முன்னால் ஒரு உதறல் வரும். அங்கே ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே விட வேண்டும். உங்கள் காரில் அது எவ்வளவு என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. உட்கார்ந்து ஓட்டித்தான் பிடிக்க வேண்டும்.

சீட்டையும் பாருங்கள். கிளட்சை முழுசாக மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். மூன்றாவது கியர் போடும்போது தோள்பட்டை சீட்டை விட்டு எழக் கூடாது. இது இரண்டும் சரியில்லாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

கிளட்ச் இல்லாமல் போடலாமா? அப்படிப் போடுகிற ரேஸ் கார்களில் இருப்பது வேறு பெட்டி. டாக் பாக்ஸ் என்பார்கள். அதில் பித்தளை ரிங்கே கிடையாது. பெரிய பெரிய கட்டைப் பற்கள் நேராகப் போய்க் கோத்துக்கொள்ளும். அதை மெதுவாகப் போட்டால்தான் கெடும், சட்டென்று அடித்துப் போட வேண்டும். உங்கள் பெட்டி அதற்கு நேர் எதிர். கிளட்சை மிதித்திருக்கும்போது ரிங் இறக்க வேண்டியது ஒரு பிளேட்டையும் ஒரு ஷாஃப்டையும் மட்டும். மிதிக்காவிட்டால் ஃப்ளைவீல், கிராங்க், பிஸ்டன் என்று மொத்த எஞ்சினையும் அது இறக்க வேண்டும். சுற்று சரியாகப் பொருந்துகிற நொடியில் போட்டால் கிளட்ச் இல்லாமலும் விழும், அது எனக்கும் தெரியும். கிளட்ச் ஒயர் அறுந்த காரை அப்படித்தான் பட்டறைக்கு ஓட்டி வந்திருக்கிறேன். ஆனால் அது காத்திருந்து போடுகிற வித்தை, வேகத்துக்கு உதவாது. ஆக்சிலேட்டரை விடாமல் கிளட்சை மட்டும் உதைத்துப் போடுவதில் டர்போ அழுத்தம் இறங்காமல் இருக்கும், நேரமும் கொஞ்சம் மிச்சமாகும், அதை மறுக்கவில்லை. அந்த மிச்சத்துக்குக் கிளட்ச் பிளேட்டும் ரிங்கும் விலை கொடுக்கின்றன. எத்தனை தடவை தாங்கும் என்பது காருக்குக் கார் மாறும். சொந்தக் காசில் வாங்கிய, வேலைக்கும் ஓட்டிப் போகிற காரில் நான் செய்ய மாட்டேன். உங்களையும் செய்ய விட மாட்டேன்.

சரி, அந்தச் சத்தம். பெட்டியைத் திறக்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் வீட்டு வாசலிலேயே செய்கிற மாதிரி இரண்டு மூன்று சோதனைகள் இருக்கின்றன. வண்டி நின்றிருக்க, எஞ்சின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுசாக மிதித்துக்கொண்டு மனதுக்குள் ஐந்து எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. ஐந்து எண்ணிய பிறகும் கத்தினால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. ஒயரோ, ஹைட்ராலிக் ஆயிலோ, பிளேட்டோ, அங்கே பாருங்கள், கியர் பாக்ஸைக் கழற்றாதீர்கள். கத்தாவிட்டால் அடுத்தது. 2500 சுற்றில் நிதானமாக மூன்றாவது போட்டாலும் கத்துகிறதா? கத்தினால் ரிங் தேய்ந்திருக்கிறது. நிதானத்தில் கத்தாமல் 6000 சுற்றில் மட்டும் கத்தினால், அங்கே டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். சிங்க்ரோ இல்லாத பழைய லாரிகளை ஓட்டியவர்கள் செய்தது அதுதான்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு நொடி, மறுபடி மிதித்துக் கியர். அப்படிப் போட்டால் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்றால் பழுது உங்கள் அவசரத்திலோ, தேயத் தொடங்கிய ரிங்கிலோ இருக்கிறது. இரண்டில் எது என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. மேலே சொன்ன கை வழியை ஒரு வாரம் பழகிய பிறகும் கத்தினால் ரிங் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய காராக வாங்கியது என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. முன்னால் வைத்திருந்தவர் எப்படிப் போட்டாரோ.

பெட்டியைத் திறப்பதற்கு முன் இரண்டு மலிவான விஷயங்களையும் பார்த்துவிடுங்கள். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டும், ராடையும் பெட்டியையும் இணைக்கிற கியர் கேபிளின் புஷ்ஷும். குறுக்காக வைத்த எஞ்சின், முழு ஆக்சிலேட்டரில் மவுண்டின் மேல் சாயும். மவுண்டு தளர்ந்திருந்தால் அந்தச் சாய்வில் பெட்டி ஒரு பக்கமும் உங்கள் ராடு ஒரு பக்கமும் நிற்கும், நிதானமாகப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். சில நூறு ரூபாய் புஷ்ஷை மாற்றினதும் 'அண்ணே, புதுப் பெட்டி மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். அப்புறம் கியர் ஆயில். கம்பெனிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். பித்தளை ரிங் உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 என்று போட்டிருக்கும் இடத்தில், கூடுதல் நம்பர் நல்லது என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றிவிடுகிறார்கள். அதன் கலவையில் உள்ள கந்தகச் சேர்மானம் சில வகைகளில் பித்தளையை அரிக்கும், ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். ஆயில் கடையில் விற்கிற 'கியர் ஸ்மூத்' பாட்டில்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேய்ந்த ரிங்கை எந்தப் பாட்டிலும் வளர்த்துக் கொடுக்காது. ஏலகிரியில் மார்கழிக் காலையில் வண்டியை எடுத்தவுடன் இரண்டாவது கியர் இறுக்கமாக விழுவது இதில் சேராது. அது குளிர்ந்த ஆயில், நாலு கிலோமீட்டரில் சரியாகிவிடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்டது. அரை வினாடியில் போடுகிற கியரை 0.2 வினாடியில் போட்டால் எவ்வளவு லாபம்? கியர் மாற்றும்போதும் வண்டி உருண்டுகொண்டுதான் போகிறது, தூரத்தைக் கடந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் மிச்சம் பிடித்த 0.3 வினாடி முழுசாகக் கைக்கு வராது. காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால் கணக்கு எளிது: மாற்றுகிற வேகம், அந்த நேர்ப்பாதையின் கடைசி வேகத்தில் என்ன பங்கோ, அந்தப் பங்கு போய்விடும், மீதிதான் லாபம். நேர்ப்பாதை முடிவில் 150 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், 75ல் செய்கிற மாற்றத்தில் பாதி, அதாவது 0.15 வினாடி கிடைக்கும். 135ல் செய்கிற மாற்றத்தில் 0.03 வினாடிதான். அதனால் வளைவை விட்டு வெளியே வந்ததும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போடுகிற மாற்றம்தான் காசு. பிரேக் அடிக்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் நான்கிலிருந்து ஐந்துக்குப் போடுவதில் அவசரப்பட்டால் தவறான கியர் விழும் ஆபத்துதான் மிச்சம். அங்கே சாவகாசமாகப் போடுங்கள்.

இன்னொன்றும் உண்மை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் 3.7 கிலோமீட்டர் சுற்றில், முதல் தடவை போகிறவர் ஒரு வளைவில் பிரேக்கைப் பயந்து முன்னாலேயே பிடித்து இழக்கிற நேரம், சுற்று முழுவதும் கியரில் இழப்பதைவிடக் கூட இருக்கும். நான் அங்கே நின்று பார்த்த வரைக்கும் புது ஆட்கள் எல்லாருக்கும் இதே கதைதான். கியரை இறக்கும்போதும் வேகத்தைத் தேடாதீர்கள். பிரேக்கில் இருக்கும்போதே வலது காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டிச் சுற்றை ஏற்றிப் போடுவது, வண்டி உதறாமல் நேராக நிற்பதற்காக. அது பழகும் வரைக்கும் வேகம் குறைந்த பிறகே கியரை இறக்குங்கள்.

பழகுவதற்கு நெடுஞ்சாலையும் வேண்டாம், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் வேண்டாம். எதிரே பஸ் வருகிற இடத்தில் ராடைப் பற்றி யோசிக்கக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து கிளட்சும் கையும் சேர்ந்து ஐம்பது தடவை இரண்டு-மூன்று போடுங்கள், மெதுவாக. பிறகு தினமும் காட்பாடியிலிருந்து வேலைக்குப் போகும்போது 2500 சுற்றில், சாதாரண வேகத்தில், ஒவ்வொரு மாற்றமும் இரண்டு தள்ளலாக, சத்தமில்லாமல் விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். வேகம் அந்த வழியிலேயே கூடி வரும். போடாத நேரத்தில் கையை ராடின் மேல் வைத்திருக்காதீர்கள், உள்ளே ஸ்லீவை நகர்த்துகிற ஃபோர்க் தேயும்.

முதலில் அந்த ரிவர்ஸ் சோதனையைச் செய்துவிட்டு, ஐந்து எண்ணிய பிறகு கத்தியதா இல்லையா என்று எழுதுங்கள். டிராக்குக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, கிளட்ச் பக்கம் பழுது என்றால் அதற்குள் முடித்துவிடலாம்.